வீட்டுச் செலவில் தினமும் மிச்சம் பிடிக்க என்ன செய்கிறீர்கள்? கஞ்சம் என்று பெயர் வாங்காமல் முடியுமா?

கேள்வியின் முதல் பாதிக்கு இங்கே ஏற்கெனவே நிறையப் பேர் பதில் சொல்லிவிட்டார்கள். என்னை எழுத வைத்தது இரண்டாம் பாதி. "கஞ்சம் என்று பெயர் வாங்காமல்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயர் எனக்கு உண்டு. சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, "ரேஷன் அரிசியில இட்லி சுடற வீடு" என்று ஒருவர் என் காதில் விழும்படியே பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். அதே வீட்டு இட்லியைத் தின்று வளர்ந்த என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், கடன் வாங்காமல். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர் என்று நினைக்கிறேன். வாடகை வீடு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், எங்கே போகிறதென்றே தெரியாமல் காசு போகிறது. சொந்தத் தோட்டமும் தென்னந்தோப்பும் இருக்கிறவர்களுக்கு நான் எழுதவில்லை. "சோலார் போடுங்கள்" என்று பின்னூட்டம் போடப் போகிறவர்களும் வாடகை வீட்டு மொட்டை மாடியில் யார் போட விடுவார்கள் என்பதை யோசித்துவிட்டுப் போடுங்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். எங்கள் ஊரில் சம்பளம் சனிக்கிழமை. வெளியூர்க்காரர்களுக்கு இதன் சங்கடம் புரியாது. காசு வாரத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். வாடகை மாதத்துக்கு ஒருமுறை, கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பள்ளிக்கூடத்துக்கு ஜூன் மாதம் மொத்தமாக. சனிக்கிழமை கையில் இருப்பது எல்லாமே செலவுக்கு இருக்கிற மாதிரி தோன்றும். வாரா வாரம் சரக்கு வாங்குவதால் எல்லாவற்றையும் சின்னதாகவே வாங்குவோம். 50 கிராம் புளி, கால் கிலோ பருப்பு, 5 ரூபாய் மிளகாய்த்தூள் பாக்கெட். அந்தப் பாக்கெட்டின் பின்னால் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். அதை வைத்துக் கிலோவுக்கு என்ன விலை வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள். வரமிளகாய் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்து வந்தால் என்ன ஆகும் என்றும் போடுங்கள். ஏழை வீட்டுப் பணம் ஆடம்பரத்தில் போவதைவிட இந்தச் சின்னப் பாக்கெட்டுகளில்தான் அதிகம் போகிறது. ஷாம்பு மட்டும் விதிவிலக்கு. அதில் பல சமயம் பாட்டிலைவிடப் பாக்கெட்தான் மலிவாக வருகிறது, மில்லியைப் பார்த்து வாங்குங்கள்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் அத்தை, அதாவது மாமியார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. என் வீட்டுக்காரர் அப்போது ஒரு பட்டறையில்தான் வேலை செய்தார். சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றையும் அது தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையையும் நேரில் பார்த்தவர்கள் அந்தத் தீர்ப்பைத் தப்பு சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் சாயம் போடாமல் துணி தைக்க வராது. அவர் சம்பளம் முழுசாக நின்றது, என்னுடையதும் பாதியாகக் குறைந்தது. மகள் அப்போது சின்னக் குழந்தை.

அத்தை தாராபுரம் பக்கத்து ஊரிலிருந்து வந்தார். வந்த அன்றே என் அடுப்படியில் சம்படம் சம்படமாகத் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் அடியில் கொஞ்சம் கிடந்தது. அவர் திட்டவில்லை. "கையில காசு இருக்கறப்ப வாங்கறது வேற அம்மணி, வெள்ளாமை வாரப்ப வாங்கறது வேற" என்றார். இன்று வரைக்கும் நான் செய்கிற சிக்கனம் முழுக்க இந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான்.

புதுப்புளி மாசி, பங்குனியில் வரும். அப்போது சந்தையில் கொட்டைப்புளியாக வாங்கி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, கொட்டையும் நாரும் எடுத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அடுக்கினால் ஒரு வருஷத்துக்கு வரும். கொட்டையும் நாரும் போனால் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் நிற்கும், அதையும் கணக்கில் வைத்துத்தான் கடைப் புளியோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் லாபம்தான். மிளகாயும் வெள்ளாமைக் காலத்தில் வாங்கிச் சித்திரை வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கிறேன். சின்ன வெங்காயம் அறுவடை சமயத்தில் விலை விழும். தாளோடு வாங்கிக் கட்டித் தொங்கவிட்டால் காற்றோட்டத்தில் பல வாரம் கெடாது. முருங்கைக்காய் மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கமிருந்து கோடையில் வந்து குவியும்போது கட்டுக்கட்டாக மலிவாகக் கிடைக்கும். மார்கழியில் அதே காய்க்கு ஆட்டுக்கறி விலை சொல்வார்கள். அந்த மாதத்தில் முருங்கைக்காய் சாம்பார் வைக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, அவரைக்காய் இருக்கிறது.

மொத்தமாக வாங்கினால் வண்டு வருமே என்பீர்கள். ஊரில் முழுத் துவரையை நனைத்துச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து அப்புறம்தான் உடைப்பார்கள். தோலும் சுலபமாகக் கழலும், வண்டும் அண்டாது. டவுனில் அதற்கு இடம் கிடையாது. அத்தை எனக்குக் காட்டியது, உடைத்த பருப்பில் கிலோவுக்கு ஒரு சின்னக் கரண்டி விளக்கெண்ணெய் விட்டுக் கையால் பிசறி வைப்பது. கழுவும்போது போய்விடும், வாசமும் இருக்காது.

இதற்கெல்லாம் மொத்தமாகக் காசு வேண்டுமே, வாரச் சம்பளத்தில் எப்படி? நியாயமான கேள்விதான். எவர்சில்வர் சம்படம் ஒன்றைத் தனியாக வைத்தேன். சனிக்கிழமை சம்பளம் வந்ததும், மளிகைக்கடைக்குப் போவதற்கு முன்னால், அதில் ஒரு தொகை போட்டுவிடுவது. கடைக்குப் போய் வந்த பிறகு மிச்சத்தைப் போடலாம் என்று நினைத்தால் மிச்சமே இருக்காது. முதல் வருஷம் புளி மட்டும்தான் முடிந்தது. அடுத்த வருஷம் மிளகாய், அதற்கடுத்து பருப்பு. எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் செய்யப் போனால் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பார்.

இப்போது ரேஷன் அரிசி. 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அந்த அரிசியை வாங்கி யாருக்கோ விற்றுவிட்டு, கடையில் மாவுப் பாக்கெட் வாங்குகிற வீடுகளை எனக்குத் தெரியும். நான் அதிலேயே இட்லி மாவு ஆட்டுகிறேன். புழுங்கல் அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். அரிசியை நன்றாகக் களைந்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தால் எந்த வாசமும் இருக்காது. உளுந்துக்கு மட்டும்தான் காசு. ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போதும், ஆட்டினால் மூன்று கிலோ மாவுக்குக் குறையாது. கிரைண்டருக்குப் பேர்போன கோயமுத்தூர் பக்கத்திலேயே இருந்துகொண்டு தினம் மாவுப் பாக்கெட் வாங்குவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் எங்கே என்பார்கள். நானும் வேலைக்குப் போகிறவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை ஆட்டினால் வியாழன் வரை வரும்.

கேஸ் மிச்சம் பிடிக்க இணையத்தில் ஏதேதோ சொல்கிறார்கள். நம்மூர்ச் சமையலே அதற்கு வழி வைத்திருக்கிறது. அரிசிம்பருப்பு சாதம் ஒரே குக்கரில் முடிந்துவிடும், தொட்டுக்கொள்ள ஊறுகாயும் தயிரும் போதும். சோறு, குழம்பு, பொரியல் என்று மூன்று முறை அடுப்பு எரிய வேண்டியதில்லை. கொள்ளை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு வேகவைத்தால், வடித்த தண்ணீர் ரசத்துக்கு, கொள்ளு கடைசலுக்கு. ஒரு கொதியில் இரண்டு வேலை. பச்சைப்பயறும் தட்டப்பயறும் இப்படித்தான். வாரத்தில் மூன்று ராத்திரி எங்கள் வீட்டில் இதுதான் சாப்பாடு, குறையாக யாரும் நினைத்ததில்லை.

துணிக்கு ஊர் திருப்பூர் என்பதால் எனக்குச் சுலபம். வீட்டில் போட்டுக்கொள்ள டீ-சர்ட்டெல்லாம் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பீஸ்தான். தையல் ஓரிடத்தில் பிசகியிருக்கும், நானே சரிசெய்துகொள்வேன். பழைய பனியன் துணி அடுப்படித் துடைக்கும், வண்டி துடைக்கும், கடைசியில் தரை துடைக்கும். காசு கொடுத்து மாப் துணி வாங்கியதில்லை.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பெரிய தொகை அங்கேதான் சத்தமில்லாமல் போகிறது. 500 யூனிட் என்பதுதான் எல்லைக்கோடு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1725 ரூபாய். 501 ஓடினால் 1958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். காரணம், 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான யூனிட்டுக்கும் 2.25க்குப் பதில் 4.50 போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் கணக்குப் போடும் முறை இதேதான். ரீடிங் எடுக்க வருவதற்கு ஒரு பத்து நாள் முன்னால் மீட்டரைப் பாருங்கள். 500ஐ ஒட்டி நின்றால் அந்தப் பத்து நாள் கீசரை நிறுத்துங்கள். 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பொடக்காலி, அதாவது கொல்லைப்புறம், இருக்கிற வீடாக இருந்தால் தேங்காய்த் தொட்டியும் மட்டையும் போட்டுத் தண்ணீர் காயவைக்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், புது மாதிரி பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவுக்குத்தான். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 30 யூனிட்டுக்கு மேல் குறையும். ஃபேன் கெட்டுப்போய் மாற்றும்போது மாற்றினால் போதும், ஓடுவதைக் கழற்றிப் போட்டுவிட்டு வாங்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் நெடுநாளாகக் கிடக்கிறது. மேலே சொன்ன கணக்கெல்லாம் தனி மீட்டர் இருக்கிறவர்களுக்கு. முன்பு நாங்கள் இருந்த லைன் வீட்டில் ஓனர் தன் இணைப்பிலிருந்தே பிரித்துச் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினார், முதல் யூனிட்டிலிருந்தே. 120 யூனிட் ஓடினால் 960 ரூபாய். எங்கள் பெயரில் தனி இணைப்பு இருந்திருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், மீதி 20க்கு 45 ரூபாய். எட்டு வீடு அந்த வரிசையில். கேட்டால், "இஷ்டம் இல்லைனா காலி பண்ணிக்குங்க" என்பார். அட்வான்ஸ் அவர் கையில், குழந்தையின் பள்ளிக்கூடம் பக்கத்தில், எங்கே போவது? அரசு ஏழைகளுக்கென்று கொடுக்கிற சலுகை ஏழைகளிடம் வந்து சேராமல் நடுவிலேயே நின்றுவிடுகிறது. சிக்கனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒருவரும் இதைப் பேசுவதில்லை, எல்லோரும் பல்பை அணைக்கச் சொல்கிறார்கள். வீடு பார்க்கும்போது வாடகை 500 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் தனி மீட்டர் உள்ள வீடாகப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் மாறினோம்.

சரி, கஞ்சத்தனம். நான் பார்த்த வரையில், தன் வீட்டுச் சம்படத்தில் கணக்குப் பார்க்கிறவரை யாரும் கஞ்சம் என்று சொல்லக் கூடாது, அடுத்தவர் கூலியில் கணக்குப் பார்க்கிறவரைத்தான் சொல்ல வேண்டும். தெருவில் கீரை விற்க வருகிற ஆத்தாவிடம் நான் பேரம் பேசுவதில்லை. குழந்தைக்குப் பால் குறைத்ததில்லை. மருந்தை நிறுத்தியதில்லை. சொந்தக்காரர் வீட்டு நோம்பிக்கும் (விசேஷத்துக்கும்) சீருக்கும் என்னால் முடிந்ததைச் செய்கிறேன், அதற்கு மேல் கடன் வாங்கிச் செய்வதில்லை. கடைசியில் சொன்ன இதற்காகத்தான் எனக்கு அந்தப் பெயர் வந்தது, இட்லிக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் தொடங்குவதானால் புளியிலிருந்து தொடங்குங்கள். மாசி பிறப்பதற்குள் வாரத்துக்கு ஒரு 100 ரூபாய் ஒதுக்கி வைத்துவிட்டு, சந்தைக்குக் காலையிலேயே போங்கள். நல்ல சதையுள்ள புளி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். கறுத்துப்போனது பழைய புளி, அதை வாங்காதீர்கள்.