நகையை அடகு வைத்து கம்ப்யூட்டர் சீட் வாங்காதீர்கள்

அம்மா, உங்கள் பயம் நியாயமானதுதான். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ‘பாட்டு சோறு போடுமா?’ என்று கொழுந்தனார் கேட்கிறார். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு நகையை அடகு வைக்கப் பார்க்கிறீர்கள். வைக்காதீர்கள். கணக்கு வேண்டாம், தமிழும் பாட்டும்தான் பிடிக்கும் என்று அவளே சொல்லிவிட்டாள். வட்டி கட்டப்போவதும் கொழுந்தனார் இல்லை.

இசைக் கல்லூரி, டீச்சர் வேலை, சினிமா பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேரட்டும், கூடவே, புதிய தமிழ்ப் பாடல்களைக் கர்நாடக இசையில் பாடி, பொருளும் சொல்லும் விளக்கக் கச்சேரியைப் பள்ளி கல்லூரிகளில் செய்யப் பழகட்டும். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் பாட்டும் ஒரு காலத்தில் புதுப்பாட்டுதான். டி.கே. பட்டம்மாள் போன்ற பாடகர்கள் மேடையில் பாடிப் பாடித்தான் அது ஊருக்குத் தெரிந்தது.

பள்ளியில் 45 நிமிடம் போதும். ஐந்து பாட்டுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு பாட்டுக்கும் விளக்கப் பேச்சு இரண்டு நிமிடம். முதல் பாட்டு மோகனம் மாதிரி காதுக்குப் பழகிய ராகத்தில், ஆதி தாளத்தில், சம எடுப்பில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குவதாக, இருக்கட்டும். பிள்ளைகளைத் தாளம் போட வைக்கலாம். முதல் தட்டிலிருந்து அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டென்றால் கை தப்பும், கவனமும் போய்விடும். புதுப்பாட்டு மூன்றாவதாக வரட்டும், வரிகளை அச்சடித்து முன்பே கொடுத்துவிடுங்கள். சபாக் கச்சேரியிலும் அதைக் கடைசியில் பாடும் சிறு பாட்டுகளான துக்கடாவில் தள்ளக்கூடாது. விரிவாகப் பாடும் பிரதான உருப்படியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததுமே பலர் எழுந்து போய்விடுவார்கள்; அந்த உருப்படிக்கு முன்பே பாடிவிட வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, மெட்டு. சொல்லைத் தப்பான இடத்தில் வெட்டினால் பொருளே மாறிவிடும். அதனால்தான் தமிழ் படிக்கச் சொல்கிறேன். மற்றொன்று, மைக். ஆபரேட்டர் வைக்கும் எக்கோவில் சொல் கரைந்துவிடும். தெரிந்த பாட்டானால் கேட்பவர் நிரப்பிக்கொள்வார், புதுப்பாட்டை எதை வைத்து நிரப்புவார்? எக்கோவை அணைக்கச் சொல்லி, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும்.

கவிஞர் உயிரோடிருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மறைந்தபின் 60 ஆண்டு வரை உரிமை வாரிசுகளுடையது. மெட்டமைத்தவர் வேறொருவர் என்றால் அவரிடமும் தனியாக வாங்க வேண்டும்.

இதில் மாதச் சம்பளம் வராது, முதல் சில வருடம் வருமானம் சொற்பம்தான். ஆனால் கடனும் இருக்காது. மேடை தருகிறோம் என்று யார் பணம் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை மிருதங்கக்காரருக்கும் வயலின்காரருக்கும் ஒழுங்காகக் கொடுங்கள். பட்டப்படிப்போடு அரசு வானொலியான ஆகாசவாணியின் குரல் தேர்விலும் பாடட்டும். முதலில் அங்கே ஆரம்பத் தரமான பி கிரேடு கிடைத்தால் போதும். மத்தியக் கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு, மாதம் 5000 ரூபாய் வீதம் 2 ஆண்டு. குருவிடம் 5 ஆண்டு கற்றதற்குச் சான்று கேட்பார்கள். அதை இப்போதே பாட்டு சாரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.