கொழுந்து மஞ்சளானால் சுண்ணாம்பு போடலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் வீட்டுத் தோட்டத்தில் குண்டுமல்லியும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறேன். செம்மண். கொழுந்து இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு போடுங்கள் என்கிறார்கள். வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அதுவரை சுண்ணாம்பைத் தொட வேண்டாம். தர்மபுரிச் செம்மண்ணில் பல இடங்களில் அடியில் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டிகள்) கிடக்கும். போர் தண்ணீரும் பெரும்பாலும் கடின நீர்தான். அதனால் உங்கள் மண் புளிப்பைவிடக் காரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓசூர், தளி மேட்டுப்பகுதியில் லேசான புளிப்பு மண்ணும் உண்டு என்பதால், ஊகத்தை நம்பாமல் பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாறு இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். உரம் போட்ட இடம், எருக்குழி, சுவரோரம் மூன்றும் வேண்டாம். சிமெண்ட் உதிர்ந்த மண் எந்தச் சோதனையையும் ஏமாற்றிவிடும். எடுத்த மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்திச் சலியுங்கள்.

முதலில் வினிகர். ஒரு ஸ்பூன் உலர்ந்த மண்ணில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறதா? அப்படியானால் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது, கேள்வி பாதி முடிந்தது. நுரைக்காவிட்டால் புளிப்பு மண் என்று பொருளல்ல. ஈர மண்ணில் ஆப்பசோடா தூவிப் பார்க்கும் முறை கடும் புளிப்பை மட்டுமே காட்டும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அளவு தெரிய பி.எச். தாள் வேண்டும். பி.எச். என்பது புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்: 7 நடுநிலை, குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம். 1 முதல் 14 வரை காட்டும் தாளைவிட, 5.5 முதல் 9 வரை நுணுக்கமாகக் காட்டும் குறுகிய அளவுத் தாள் உதவும். 10 கிராம் மண், 25 மி.லி. டிஸ்டில்ட் வாட்டர் (பேட்டரிக்கு ஊற்றுவதுதான்). தராசு இல்லையென்றால் ஒரு பங்கு மண்ணுக்கு மூன்று பங்கு தண்ணீர். அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கித் தெளியவிட்டு, மேல் நீரை காபி ஃபில்டர் தாளில் வடித்துச் சோதியுங்கள். வடிக்காவிட்டால் செம்மண் சாயமே தாளில் ஏறி நிறத்தைக் குழப்பும். போர் தண்ணீரில் கலக்கினால் தாள் சொல்வது தண்ணீரின் கதை. பேட்டரி இல்லாத, இரண்டு கம்பி கொண்ட மலிவு மீட்டர்கள் காய்ந்த மண்ணில் எதையாவது காட்டும், வாங்காவிட்டால் பணம் மிச்சம்.

6 முதல் 7.5 வரை நல்லது. 6-க்குக் கீழே வந்தால் மட்டுமே சுண்ணாம்பைப் பற்றி யோசிக்கலாம். 8-ஐ நெருங்கினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்காது. கொழுந்து மஞ்சளாவது அதனால்தான். (முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு, அது வேறு கதை.) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள், 10 நாள் இடைவெளியில் இன்னும் ஒருமுறை. அன்னபேதியை மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடும். காரத்தைக் குறைக்கப் போடும் கந்தகமும் நுரைக்கும் மண்ணில் வீண்செலவு, முதலில் அந்தச் சுண்ணாம்பைக் கரைக்கவே தீர்ந்துவிடும். நீர் தேங்காமல் பாய்ச்சுங்கள். தேங்கினால் மஞ்சள் கூடும்.

தாளில் 8.5-க்கு மேல் காட்டினால் சோடியம் எவ்வளவு என்று வீட்டில் தெரியாது. சோடியம் மிகுந்த மண்ணைச் சீராக்கப் போடும் ஜிப்சம் வாங்குவதற்கு முன், அரை கிலோ மண்ணை பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள்.