புளூட்டோ ஏன் கோள் இல்லை? மகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. "புளூட்டோவும் சூரியனைத்தான் சுற்றுகிறது, உருண்டையாகவும் இருக்கிறது, ஐந்து நிலாக்கள் வேறு. அப்புறம் ஏன் அது கோள் இல்லை?" என்று கேட்கிறாள். ரொம்பச் சின்னது, அதனால்தான் என்று சொல்லி வைத்தேன். சரிதானா?

பதில்: அந்தப் பதிலோடு விட்டுவிட்டால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். வியாழனைச் சுற்றும் கானிமீட் என்ற நிலாவின் விட்டம் 5,268 கி.மீ. புதனுக்கு 4,879 கி.மீ. தான். ஆனாலும் புதன்தான் கோள்.

2006 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் மூன்று நிபந்தனைகளை வைத்தது. முதலாவது, சூரியனைச் சுற்ற வேண்டும். கானிமீட் வியாழனைச் சுற்றுவதால் இங்கேயே கழிந்துவிடும். இரண்டாவது, தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும். நிறை போதாவிட்டால் கோணல்மாணலாகவே கிடக்கும். செவ்வாயின் நிலா ஃபோபோஸின் படத்தைக் காட்டுங்கள், உருளைக்கிழங்கேதான். இந்த இரண்டிலும் புளூட்டோ தேறிவிடுகிறது. ஆக, உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதை அவளிடம் அவசியம் சொல்லுங்கள்.

மூன்றாவது, தன் பாதையைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். இதை வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. ஒரு தட்டில் கடுகை வட்டமாகத் தூவுங்கள். எலுமிச்சை அளவு சப்பாத்தி மாவை, கொஞ்சம் இளக்கமாகப் பிசைந்து, அந்த வட்டத்தின் மேலேயே அவளை உருட்டச் சொல்லுங்கள். சில சுற்றுகளில் கடுகெல்லாம் மாவில் ஏறிவிடும், தட்டு காலியாகும். மறுபடி தூவி, மிளகளவு மாவை உருட்டட்டும். நாலைந்து கடுகு ஒட்டியதும் அதற்கு மேல் இடமிருக்காது. வட்டம் அப்படியே இருக்கும். புளூட்டோவின் நிலைமை இதுதான். நிஜத்தில் கோள்கள் எல்லாவற்றையும் ஒட்டவைத்துக்கொள்வதில்லை, பலவற்றை ஈர்ப்பால் தூர வீசிவிடுகின்றன. இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

"அப்போ சின்னது என்பதுதானே காரணம்?" என்று மடக்குவாள். பாதையில் கூட இருப்பவற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதுதான் கணக்கு. பூமியின் பாதையில் மிச்சமிருக்கும் துண்டு துணுக்கையெல்லாம் சேர்த்தாலும், பூமியின் நிறை அதைப்போல் சுமார் 17 லட்சம் மடங்கு. புளூட்டோ, நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பாறைகள் நிறைந்த கைப்பர் பட்டையில் இருக்கிறது. அங்கே அதன் பாதையில் உள்ள மற்றவற்றின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்குகூட அது வராது.

"பாவம் புளூட்டோ" என்று முகம் வாடினால் சீரிஸ் கதையைச் சொல்லுங்கள். 1801-இல் இத்தாலிய வானியலாளர் பியாஸி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கண்டுபிடித்த சீரிஸை ஏறத்தாழ ஐம்பது வருடம் கோள் என்றே எண்ணிவந்தார்கள். அதே வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறைகள் அகப்பட்டதும் சிறுகோள் பட்டியலுக்குப் போனது. 2006-இல் புளூட்டோவோடு சேர்ந்து அதுவும் குறுங்கோள் ஆனது, அதாவது முதல் இரண்டு நிபந்தனைகளில் தேறி மூன்றாவதில் தவறியவற்றின் பட்டியலில் சேர்ந்தது. புளூட்டோ ஒரு படி இறங்கிய அதே நாளில், சீரிஸ் ஒரு படி ஏறியது.