வாசகர் கேள்வி – பதில்: கொட்டகையில் கிடந்த வண்டி மீண்டும் பந்தயத்தில் ஓட வேண்டுமென்றால்

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமான பிறகு, அவருடைய கொட்டகையில் கிடந்த 1973-ஆம் ஆண்டு ஹோண்டா சிஆர்250எம் எல்சினோர் என்ற பந்தய மோட்டார் சைக்கிளை அவருடைய மகள் எனக்குக் கொடுத்துவிட்டார். வண்டி ஓடி 30 ஆண்டுகளாவது ஆகியிருக்கும். கிக்கரை மிதித்தால் இன்ஜின் சுற்றுகிறது, பிளக்கில் பொறியும் வருகிறது. வரவேற்பறையில் நிறுத்தி அழகு பார்க்க எனக்கு விருப்பமில்லை. மிட்-ஓஹையோ பந்தயத் திடலில் ஜூலை மாதம் நடக்கும் பழைய வண்டிகளுக்கான மோட்டோகிராஸில், அதாவது மேடுபள்ளமான மண் தடப் பந்தயத்தில், ஓட்ட ஆசைப்படுகிறேன். பெட்ரோல் ஊற்றி ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? வேலையை எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர் ஒருவர், கொலம்பஸ், ஓஹையோ

பதில்: தயவுசெய்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இன்ஜின் சுற்றுவதும் பொறி வருவதும் நல்ல செய்திதான். ஆனால் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் இந்த இரண்டையும் நம்பி இறங்கியவர்கள் பலர், முதல் பத்து நிமிடத்திலேயே பிஸ்டனையும் சிலிண்டரையும் இழந்திருக்கிறார்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜினில் கார்புரேட்டரிலிருந்து வரும் காற்றும் பெட்ரோலும் நேராக மேலே போவதில்லை. முதலில் கிராங்க் சுழலும் அறைக்குள் இழுக்கப்பட்டு, பிஸ்டன் கீழே இறங்கும்போது அங்கிருந்து அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகளின் ஊடாகச் சிலிண்டருக்குள் ஏறுகிறது. ஆகவே கிராங்க் அறை காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும், அதைக் காத்து நிற்பவை முக்கியமாகக் கிராங்கின் இரு முனைகளிலும் இருக்கும் இரண்டு ரப்பர் ஆயில் சீல்கள்தான். 30 ஆண்டுகள் சும்மா கிடந்தால் ரப்பர் இறுகிவிடும். பிளக்கிற்கு மின்சாரம் தரும் மேக்னட்டோ இருக்கும் பக்கத்துச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும், கலவையில் பெட்ரோல் குறையும், பெட்ரோலோடு சேர்ந்து வரும் ஆயிலும் குறையும், வெப்பம் ஏறிப் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் கசிந்தால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு சைலன்சரில் வெள்ளைப் புகையாக வரும். அதையாவது கண்ணால் பார்த்துவிடலாம். முதலாவது கசிவு, இன்ஜின் நின்ற பிறகுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

நான் முதன்முதலில் பிரித்த பழைய டூ-ஸ்ட்ரோக்கின் மேக்னட்டோ பக்கத்துச் சீல் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தபோது கறுப்பாக, பளபளப்பாக, புதிதுபோலத்தான் இருந்தது. உதட்டுப் பகுதியைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லத் தூக்கினேன். வளைய வேண்டிய ரப்பர் அப்பளம் ஒடிவதுபோலத் துண்டாக ஒடிந்து கையில் வந்தது. உள்ளே அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் துருப்பிடித்து இரண்டு இடங்களில் அறுந்திருந்தது. அந்த இன்ஜினும் கிக்கரை மிதித்தால் ஒழுங்காகச் சுற்றியதுதான்.

எனவே இன்ஜினை முழுவதும் பிரியுங்கள். இரண்டு சீல்களையும் கிராங்க் பேரிங்குகளையும் கேள்வியில்லாமல் மாற்றுங்கள். பேரிங் கையில் சுற்றும்போது மென்மையாக இருந்தாலும், ஈரம் தங்கிய இடத்தில் குண்டுகளுக்கு அடியில் சிறு துருப்புள்ளிகள் விழுந்திருக்கும். பந்தய வேகத்தில் அவைதான் பேரிங்கை உடைக்கும். மீண்டும் பூட்டியதும் அழுத்தச் சோதனை செய்யுங்கள். கார்புரேட்டர் வாயையும் புகைபோக்கி வாயையும் ரப்பர் தக்கைகளால் அடைத்து, பிளக் துளை வழியாகக் கைப்பம்பினால் 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று ஏற்றி, 6 நிமிடம் காத்திருக்க வேண்டும். அழுத்தமானியின் முள் நிலையாக நின்றால் மகிழ்ச்சி. இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் இணைப்புகளில் தடவிப் பாருங்கள், கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். வண்டி முதல் முறை ஒலிக்கும் நாளைவிட அந்த முள் அசையாமல் நிற்கும் 6 நிமிடங்களைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பெயின்டும் ஸ்டிக்கரும் கடைசியில். கண்காட்சிக்கு வைக்கும் வண்டியில் வேலை வெளியிலிருந்து தொடங்கலாம், ஓடப்போகும் வண்டியில் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேள்வி: கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்எக்ஸ் 100 வண்டிகளின் கிராங்க் பிரித்து கனெக்டிங் ராட் மாற்றுவதும் போர் செய்வதும் எங்களுக்கு அன்றாட வேலை. இந்த மாதிரி மோட்டோகிராஸ் இன்ஜினுக்கும் அதே முறைதானா, தனி நுட்பம் ஏதும் உண்டா?
— வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: முறை ஒன்றுதான். இதிலும் இரண்டு இரும்பு வட்டுகளுக்கு நடுவே பின்னை அழுத்திச் சேர்த்த கிராங்க், இதிலும் மறுபடி போர் செய்யக்கூடிய இரும்பு லைனர். விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணம் 64.4 மில்லிமீட்டர், மொத்தம் 248 சிசி. எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அன்றாடம் அலுவலகம் போய்வரும் வண்டியில் கிராங்க் சற்று ஆட்டத்தோடு இருந்தாலும் ஓட்டுபவருக்கு அதிர்வாக மட்டும் தெரியும். பந்தயத்தில் முழுத் திராட்டிலில் ஓடும்போது அதே ஆட்டம் பேரிங்கையும் சீலையும் தின்றுவிடும். எனவே கிராங்கை இரு மையங்களுக்கு இடையே நிறுத்தி, இரு பக்கமும் டயல் கேஜ் வைத்து, ஆட்டம் 0.03 மில்லிமீட்டருக்குள் வரும்வரை தட்டிச் சரிசெய்யுங்கள்.

போர் செய்வதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். எந்த அளவு பிஸ்டன் என்று முடிவு செய்து, அந்தப் பிஸ்டன் கைக்கு வந்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே சிலிண்டரைத் தொட வேண்டும். பெட்டியில் அச்சடித்த அளவை நம்பி முன்கூட்டியே போர் செய்துவிட வேண்டாம். ஃபோர்ஜ்டு பிஸ்டன், அதாவது அழுத்தி வடித்த பிஸ்டன் என்றால் வார்ப்புப் பிஸ்டனைவிட வெப்பத்தில் கூடுதலாக விரியும், அதற்கேற்ற இடைவெளி விட வேண்டும். போர் முடிந்தபின் சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளின் கூர்விளிம்புகளை மறக்காமல் மழுக்குங்கள். ஆர்எக்ஸ் சிலிண்டரில் ரிங் மாட்டி உடைந்த அனுபவம் உங்கள் பட்டறையிலும் இருந்திருக்கும்.

கேள்வி: என் தந்தையாரின் எல்சினோரை நானும் தம்பியும் சேர்ந்து சரிசெய்கிறோம். இன்ஜின் பக்க மூடிகள் சாம்பல் பூத்துக் குழி விழுந்திருக்கின்றன. மணல் அடித்துச் சுத்தம் செய்யலாமா? வண்டியின் சட்டத்திற்கு (ஃபிரேமுக்கு) குரோம் பூசினால் அழகாக இருக்கும் என்று தம்பி சொல்கிறான்.
— வாசகி ஒருவர், நியூ ஜெர்சி

பதில்: அந்த மூடிகள் அலுமினியம் அல்ல, மெக்னீசியம். எடையைக் குறைக்க அந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால்தான் இத்தனை ஆண்டு ஈரத்தில் இப்படி அரித்திருக்கிறது. மெக்னீசியத் தூள் எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊற்றினால் தீ இன்னும் சீறும். ஆகவே சாணைச் சக்கரமும் மணல் அடிப்பும் வீட்டுக் கொட்டகையில் வேண்டாம். அமிலம் கலந்த சுத்திகரிப்பானும் மெக்னீசியத்தைக் கரைக்கும். மென்மையான நைலான் பிரஷ், மண்ணெண்ணெய், பொறுமை ஆகிய மூன்றும் போதும். சுத்தமானதும் தாமதிக்காமல் மெக்னீசியத்திற்கு ஏற்ற பிரைமர் பூசிவிடுங்கள். குழி ஊடுருவித் துளையாகியிருந்தால் மூடியை மாற்றுவதே நல்லது.

இதற்கு நேர்மாறான எச்சரிக்கை பெட்ரோல் டேங்கிற்கு. அது அலுமினியம். பழைய பெட்ரோலின் பிசினைக் கரைக்கக் காஸ்டிக் சோடா ஊற்றினால் டேங்கே கரையத் தொடங்கும்.

குரோம் பூச்சு குறித்துத் தம்பியிடம் அன்போடு மறுத்துச் சொல்லுங்கள். அந்தச் சட்டம் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களால் ஆனது. பூச்சுத் தொட்டியில் வெளியாகும் ஹைட்ரஜன் வலிமை மிகுந்த எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரக்கூடும், தொட்டியின் அமிலமும் குழாய்களுக்குள் தங்கிவிடும். அதற்கும் மேலாக, குரோமின் மினுமினுப்பில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தை வெற்று உலோகமாக்கி, ஹேண்டில் கழுத்து, பின் சாக் அப்சார்பர் மேல்புறம் பூட்டும் இடம், ஸ்விங் ஆர்ம் அச்சு ஆகிய மூன்று இடங்களிலும் விரிசல் காட்டும் சாயத்தைத் தடவிப் பாருங்கள். பிறகு மெல்லிய பெயின்ட் போதும். என் நண்பர் ஒருவர் அழகான தடித்த பவுடர் பூச்சுக்கு அடியில் கழுத்து விரிசலை மூடி வைத்திருந்தார். அது அவருக்கே தெரியாது. மூன்றாவது பந்தயத்தில், ஒரு தாவலில் இறங்கியபோது தெரிந்தது. நல்லவேளையாக மணிக்கட்டோடு போயிற்று.

கேள்வி: பழைய கையேட்டில் 20-க்கு 1 என்ற விகிதத்தில் ஆயில் கலக்கச் சொல்லியிருக்கிறது. இன்றைய ஆயிலுக்கும் அதேதானா?
— வாசகர் ஒருவர், டொராண்டோ

பதில்: இன்றைய நல்ல டூ-ஸ்ட்ரோக் பந்தய ஆயில்களோடு 32-க்கு 1 கலந்து பலரும் நெடுங்காலமாக ஓட்டிவருகிறார்கள், நானும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி என்பது ஏறக்குறைய 31 மில்லியாகிறது. ஆனால் விகிதத்தை மாற்றினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோலின் பங்கு குறையும், ஆயில் குறைந்தால் பெட்ரோலின் பங்கு கூடும். குளிர்ந்த காலையில் காற்று அடர்த்தியாக இருப்பதால் பெரிய மெயின் ஜெட் தேவைப்படும், ஜூலை வெயிலில் சிறியது போதும். சந்தேகம் வந்தால் பெரிய ஜெட்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குறையுங்கள். பெரிய ஜெட் பிளக்கைத்தான் கறுப்பாக்கும், சிறிய ஜெட் பிஸ்டனையே உருக்கிவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோலை வண்டியில் தங்கவிடாதீர்கள். அன்றைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் சீல்களையும் அது கெடுக்கும். ஸ்பெயின் வண்டிகள் சிலவற்றில் உள்ள ஃபைபர் கிளாஸ் டேங்குகளை உள்ளிருந்தே இளக்கிவிடும்.

கேள்வி: பின்பக்கம் நவீன சாக் அப்சார்பர், முன்பக்கம் டிஸ்க் பிரேக் என்று மாற்றிக்கொண்டால் பாதுகாப்பாக இருக்குமே, ஏன் யாரும் செய்வதில்லை?
— வாசகர் ஒருவர், சான் ஹோசே

பதில்: செய்யலாம், ஆனால் பழைய வண்டிகளுக்கான வகுப்பில் ஓட விடமாட்டார்கள். அமெரிக்காவில் பழைய வண்டிகளின் பந்தயங்களை நடத்தும் ஏஎச்ஆர்எம்ஏ என்ற சங்கத்தின் விண்டேஜ் (பழைய வண்டி) மோட்டோகிராஸ் விதிப்படி, சஸ்பென்ஷன் பயணம், அதாவது சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம், முன்சக்கரத்திற்கு 7 அங்குலம், பின்சக்கரத்திற்கு 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1973-இல் ஸ்வீடனின் ஹோகன் ஆண்டர்சன் ஒற்றை சாக் அப்சார்பர் கொண்ட யமஹாவில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்ற பிறகு, ஓரிரு ஆண்டுகளுக்குள் எல்லா நிறுவனங்களும் பின்சக்கரப் பயணத்தை நீட்டத் தொடங்கிவிட்டன. அதற்கேற்பத் தாவல்களும் உயர்ந்தன. அந்த மாற்றத்திற்கு முந்தைய வண்டிகள் தமக்குள் நியாயமாகப் போட்டியிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கோடு. விண்டேஜ் தடத்தில் பெரிய தாவல்கள் இருக்காது. எல்லைக்குள் நின்றே புதிய சாக் அப்சார்பரும் சரியான ஸ்பிரிங்கும் போட்டுக்கொள்ளலாம், கட்டாயம் போடுங்கள். ஐம்பது ஆண்டு கடந்த சாக் அப்சார்பரில் ஸ்பிரிங் மட்டுமே வேலை செய்யும், அதை அடக்கும் சக்தி போயிருக்கும்.

கேள்வி: இந்த வண்டிக்கு அப்படி என்ன சிறப்பு?
— வாசகி ஒருவர், சிங்கப்பூர்

பதில்: ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்களையே உயர்வாகக் கருதிய சோய்ச்சிரோ ஹோண்டாவின் நிறுவனம், மோட்டோகிராஸுக்கென்று டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது இதுதான் முதல் முறை. பெயர் கலிபோர்னியாவின் எல்சினோர் ஏரி ஊரில் நடந்த புகழ்பெற்ற பந்தயத்திலிருந்து வந்தது. வெளிவந்த 1973-ஆம் ஆண்டிலேயே கேரி ஜோன்ஸ் இதில் அமெரிக்க 250 சிசி தேசியப் பட்டத்தை வென்றார். 100 கிலோவுக்கும் குறைந்த எடையில், கடையில் வாங்கி அன்றே தடத்தில் இறக்கக்கூடிய வண்டியாக இருந்தது என்பதே சாதாரண இளைஞர்களிடம் இதைக் கொண்டுசேர்த்தது.

கேள்வி: இன்ஜின் வேலை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் முதன்முதலாகத் தடத்தில் இறக்கப்போகிறேன். சக்கரம், பிரேக் ஆகியவற்றில் எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர் ஒருவர், டாலஸ்

பதில்: பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அக்காலத்து பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். லைனிங் தடிமனாக இருந்தாலும் அதை ஷூவோடு ஒட்டிய பசை உதிர்ந்திருக்கலாம், ஓரத்தில் கத்தி நுனி நுழைந்தால் மறு லைனிங் அவசியம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், 2308 என்றால் 2008-ஆம் ஆண்டின் 23-வது வாரம். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், ஓட்டவே வேண்டாம். ஹெல்மெட்டும் பூட்ஸும் புதிதாக வாங்குங்கள். வண்டியின் காலத்தோடு பொருந்த வேண்டும் என்று பழைய ஹெல்மெட்டைத் தேடுகிறவர்களை எண்ணி எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

முதல் நாள் பந்தய வேகம் வேண்டாம். அரைத் திராட்டிலில் 10 நிமிடம் ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, ஹெட் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி நிறுத்தி, ஒரு சிறு ஸ்பேனரால் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். புதிதாகக் கட்டிய சக்கரத்தில் அந்த முதல் 10 நிமிடத்திலேயே ஐந்தாறு கம்பிகளாவது தளர்ந்திருக்கும், அவற்றை இறுக்கிய பிறகே அடுத்த சுற்றுக்குக் கிளம்புங்கள்.