உப்புப் பூத்த வயலுக்கு ஜிப்சம் போடலாமா?

கேள்வி: வேதாரண்யம் அருகே எனக்கு மூன்று ஏக்கர் நெல் வயல் உள்ளது. உப்பு நீர் ஏறிய பிறகு கோடையில் மண் வெள்ளையாகப் பூக்கிறது. நட்ட பயிரின் இலை நுனி கருகுகிறது. உரக்கடைக்காரர் ஏக்கருக்கு இரண்டு டன் ஜிப்சமும், உப்பை முறிக்கும் திரவம் ஒன்றும் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: திரவத்தை எப்போதும் வாங்க வேண்டாம், ஜிப்சத்தை இப்போது வாங்க வேண்டாம். கடல் நீர் கொண்டுவந்த உப்பை எந்தப் புட்டியும் முறிக்காது. தண்ணீரில் கரைத்து வெளியேற்றுவது ஒன்றுதான் வழி.

நீங்கள் சொல்லும் வெண்படலம் உவர் நிலத்தின் அடையாளம். உவரும் களரும் வேறு வேறு. களரில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடுவதால், அதை விடுவிக்க ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து தேவைப்படுகிறது. உவரில் உப்பு கரையும் நிலையிலேயே இருப்பதால் நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். இந்த வேறுபாட்டை விற்பவர் கேட்பதில்லை. மூட்டைக் கணக்கை மட்டும் கேட்கிறார். பரிசோதனை முடிவைப் பார்க்காமல் டன் கணக்குச் சொல்பவரிடம் ஒரு கிலோவும் வாங்காதீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கடலோர நிலத்துக்கு அது முக்கியமானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடல் நீரில் சோடியம் மிகுதி என்பதால், மழை உப்பைக் கழுவிய பிறகு அதில் ஒரு பகுதி மண்ணிலேயே ஒட்டித் தங்கி, உவர் நிலம் களராக மாறக்கூடும். வயலில் தேங்கும் நீர் பல நாள் கலங்கலாகவே நின்று, உள்ளே இறங்காமல், காய்ந்ததும் மேல்மண் ஓடுபோல் இறுகினால் ஐயப்படுங்கள். சோதனையில் கார அமில நிலை (pH) 8.5-க்கு மேலும், மண் துகளோடு ஒட்டிய சத்துகளில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால் ஜிப்சம் தேவை. அப்போதும் ஆய்வகம் கணக்கிட்டுத் தரும் அளவையே நீர் தேக்கிய வயலில் இட்டு, உழுது, ஓரிரு நாள் கழித்து நீரை வடிக்க வேண்டும். வடிக்காவிட்டால் போட்ட காசு வயலிலேயே கிடக்கும்.

சோதனைக்கு அரசு தரும் மண்வள அட்டையை நம்பியிருக்காதீர்கள். 2015-இல் தொடங்கிய அத்திட்டத்தில் பாசன நிலத்துக்கு இரண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரிதான் எடுக்கப்படுகிறது. ஆகவே உங்கள் பெயரில் வந்த அட்டை அடுத்தவர் வயலின் மண்ணாக இருக்கலாம், அதைக் கேட்டால் பதில் சொல்லவும் ஆள் கிடைப்பதில்லை. நீங்களே பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழம் வெட்டி, கலந்து, அரைக் கிலோ மண்ணைத் துணிப்பையில் ஆய்வகத்துக்குக் கொடுங்கள். உரச் சாக்கில் கட்டினால் முடிவே மாறிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரையும் சேர்த்துச் சோதியுங்கள்.

மண் உவர்தான் என்று தெரிந்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வரப்பை உயர்த்தி, வயலைச் சமன் செய்து, ஓரத்தில் ஆழமான வடிகால் வெட்டுங்கள். ஓரடி மண்ணிலுள்ள உப்பில் பெரும்பகுதி கழுவப்பட ஏறத்தாழ ஓரடி நீர் அதனூடே இறங்கிச் செல்ல வேண்டும். கடைமடை வாய்க்கால் தூர்ந்து கிடக்கையில் வடித்த நீர் எங்கே போகும் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆண்டுதோறும் தூர்வாரும் பணி கடைமடையை எட்டும்போது மழை வந்துவிடுகிறது. பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து மனுக் கொடுங்கள், அதற்காகக் காத்திராமல் உங்கள் பகுதியையாவது வெட்டிவிடுங்கள்.

பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுங்கள். நெல்லில் கோ 43 ஓரளவு உப்பைத் தாங்கும். குழியடிச்சான் என்ற பாரம்பரிய ரகம் இந்தக் கடற்கரைக்குப் பழகியது. திருச்சி ரகங்கள் களருக்கென உருவானவை என்பதால், உப்பு நிலத்து விதை என்று யாராவது தந்தால் எந்த உப்பு என்று கேளுங்கள். இளநாற்றுக்கு உப்பு ஆகாது. சற்று முற்றிய நாற்றைக் குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வைத்து நடுங்கள். அறுவடையானதும் ஓர் உழவு ஓட்டி, வைக்கோலைப் பரப்பிவிட்டால், கோடையில் அடியுப்பு மேலேறுவது குறையும்.

நிலம் கெட்டுவிட்டது, இறால் குட்டைக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று தரகர் வருவார். விளைநிலத்தை இறால் குட்டையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. குத்தகை முடிந்து அவர் போன பிறகு குட்டையின் உப்பு உங்கள் மூன்று ஏக்கரோடு நிற்காது, பக்கத்து வயல்களுக்கும் கசியும்.