செலோடேப் மடிப்பில் தெரியும் வண்ணம் கைராலிட்டி ஆகுமா?

கேள்வி: ஓரணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனைச் சாய்வாக மடித்தால், இடக்கையும் வலக்கையும் போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத அமைப்பு (கைராலிட்டி) வருமாமே. பள்ளிக் கண்காட்சிக்காக செலோடேப்பை மடித்து இரண்டு போலராய்டுக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) நடுவில் வைத்தோம், வண்ணம் தெரிகிறது. இதையே கைராலிட்டி என்று காட்டலாமா?
– ஆசிரியை, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம். அந்த வண்ணம் இரட்டை ஒளிவிலகலால், அதாவது அதிரும் திசையைப் பொறுத்து ஒளி டேப்புக்குள் வெவ்வேறு வேகத்தில் போவதால் வருவது. மடிக்காத ஒற்றை டேப்பிலும் வரும்.

மடிப்பின் வேலையை டிரேசிங் தாளில் காட்டுங்கள். இணைகோடுகள் போட்டு, அவற்றுக்கு 15 டிகிரி சாய்வில் மடித்தால் மேல்கோடுகள் கீழ்க்கோடுகளை 30 டிகிரியில் வெட்டும். அதே கோட்டில் பின்பக்கமாக மடித்தால் கை மாறிவிடும். கிராஃபீனிலும் இதே கணக்குதான். அதன் அறுகோண அடுக்கில் தளத்துக்குள் எல்லாத் திசையும் ஒளிக்கு ஒன்றே என்பதால் இரண்டு அடுக்கிலேயே கைராலிட்டி பிடிபடுகிறது. டேப்பிலோ இரட்டை விலகல் அதை அமுக்கிவிடும்.

கண்ணால் பார்க்க மைக்கா அடுக்குதான் நல்லது. 1869இல் ஜெர்மன் இயற்பியலாளர் ராய்ஷ் செய்து காட்டியது. ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடையில் பவர் டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மைக்கா வாஷர் கேளுங்கள். பழையதென்றால் வெள்ளைப் பசையை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். பிளக்கும் முன்பே ஒரு மூலையை வெட்டி அடையாளம் வையுங்கள். இதை மறந்தால் பிறகு திசை தெரியாது. ஓரத்தில் ஊசியை நுழைத்து, ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் ஏடு ஏடாகப் பிரியும். இருட்டாகும்படி குறுக்காக வைத்த போலராய்டுகளுக்கு நடுவில் ஏடு சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். வண்ணம் தெரிந்தால் தடிமன் அதிகம், இன்னும் பிளக்க வேண்டும். அதற்காக ரொம்ப மெலிதாக்கவும் வேண்டாம்: தடிமன் பாதியானால், அடுக்கு ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பும் அளவு (சுழற்சி) கால் பங்காகிவிடும். இஸ்திரிப் பெட்டியின் மைக்கா பெரும்பாலும் துகள்களை ஒட்டிச் செய்த அட்டை, அது உதவாது.

ஒரே தடிமனுள்ள ஆறு ஏடுகளை, ஒவ்வொன்றையும் வலப்பக்கமாக 60 டிகிரி திருப்பி அடுக்கி, ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டுங்கள். எல்சிடி மானிட்டரில் முழுத் திரையும் பச்சையாக இருக்கட்டும். வெள்ளையில் ஒவ்வொரு நிறமும் வேறு கோணத்துக்குச் சுழலும், முழு இருட்டு கிடைக்காது. உடைந்த கால்குலேட்டரின் போலராய்டைத் திரை இருளும் வரை திருப்பி, இடையில் அடுக்கை நுழையுங்கள். வெளிச்சம் வரும். போலராய்டை மறுபடி திருப்பி, இருட்டு கூடும் இடத்தின் கோணத்தைக் குறியுங்கள்; அடுக்கு தந்த சுழற்சி அதுதான். அடுக்கைச் சுற்றினாலும் அந்தக் கோணம் அதிகம் மாறக் கூடாது. மாறினால் ஏடுகளின் தடிமன் சமமில்லை.

மாணவர்கள் அடுக்கைக் கவிழ்த்து வைத்து இடக்கை என்பார்கள். வலத் திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் வலத் திருகாணிதான். இடப்பக்கமாகத் திருப்பி இன்னொன்று அடுக்கினால்தான் போலராய்டை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டிவரும்.