மீதி எட்டாயிரம் எங்கே?

கேள்வி: ஈரோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவரின் சம்பளம் 38,000 ரூபாய். வாடகை 9,000, சிலிண்டரும் சேர்த்து மளிகை, காய்கறி 9,000, சீட்டு 5,000, பைக் தவணை 3,400, பால் 2,000, பள்ளி வேன் 1,600. மீதி 8,000 இருக்க வேண்டும். ஆனால் 20ஆம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் இருப்பதில்லை. செலவு எழுத மூன்று ஆப் போட்டுப் பார்த்தேன், எதுவும் பத்து நாளுக்கு மேல் ஓடவில்லை. அவரிடம் கணக்குக் கேட்டால் சண்டைதான் வருகிறது. போன ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு என் வளையலை அடகு வைத்தோம். எந்த ஆப் நல்லது, சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: நாலாவது ஆப் வேண்டாம் சகோதரி. உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். அதில் கரண்ட் பில்லே இல்லை! மறதி என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் "மாதச் செலவு" என்று யோசிக்கும்போது நினைவுக்கு வராது. பள்ளிக் கட்டணமும் அப்படித்தான். உங்களை அடகுக் கடை வரைக்கும் கொண்டுபோனதே அதுதான், ஆனாலும் பட்டியலில் அதற்கு இடமில்லை.

குத்துமதிப்பாகப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்குப் பள்ளிக் கட்டணம் 24,000, தீபாவளி 10,000, ஆறு கரண்ட் பில் 6,000, கல்யாணம் காதுகுத்துக்கு மொய் 6,000, பைக் இன்ஷூரன்ஸ் 2,000. மொத்தம் 48,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,000. ஆக, நீங்கள் தேடும் எட்டாயிரத்தில் பாதி உங்கள் பணமே இல்லை. ஜூனுக்கும் ஐப்பசிக்கும் சேர வேண்டியது. உங்கள் வீட்டுத் தொகைகளைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

அந்த 4,000 சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்குப் போக வேண்டும். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கே போதும், 500 ரூபாய் இருப்பு வைத்தால் சரி. மாதாமாதம் ஒரே தொகை கட்டிவரும் ஆர்.டி.யில் போடலாம் என்று யாராவது சொன்னால், தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருடம் என்பதை நினைவில் வையுங்கள். ஜூனுக்கு அது உதவாது. முக்கியமாக, இந்தக் கணக்கைப் போனில் இணைக்காதீர்கள். எடுக்க வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும், அதுதான் நமக்கு வேண்டியதும்.

மீதிப் பாதிக்கு வருவோம். பின் நம்பர் போடாமல் பணம் போகிற யூ.பி.ஐ. லைட் உங்கள் போனிலோ அவர் போனிலோ இருக்கிறதா, பாருங்கள். அதில் 5,000 ரூபாய் வரை ஏற்றி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் இல்லாமலே போகும். பாஸ்புக்கில் ஏற்றிய தொகை மட்டும் ஒரே வரியாக வரும். டீ, பஜ்ஜி, பூ, ஆட்டோ என்று அது கரைந்த விதம் அங்கே தெரியாது, ஆப்பின் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு ஆப் ஏன் ஒத்துவரவில்லை என்பதும் புரிகிறது. கடை வாசலில் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, இது உணவா, பொழுதுபோக்கா, இதரமா என்று யார் யோசிப்பது? எஸ்.எம்.எஸ்.ஸைப் படித்துத் தானே கணக்கு எழுதும் ஆப்களிலும் தலைவலி உண்டு. அவர் உங்களுக்கு 2,000 அனுப்பினால் அதை ஒரு செலவாக எழுதும், நீங்கள் அதில் மளிகை வாங்கினால் இன்னொரு செலவாக எழுதும். அப்புறம், ஓ.டி.பி. வருகிற இடமும் அதே எஸ்.எம்.எஸ். பெட்டிதான். முன்பின் தெரியாத ஆப்புக்கு அதைத் திறந்துவிட எனக்கு மனசு வராது.

அடுப்படியில் மாதக் காலண்டர் மாட்டியிருப்பீர்கள். பால் வராத நாளைச் சுழிப்பதும், சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறிப்பதும் அதில்தானே? அதே கட்டத்தில், இரவு பாத்திரம் கழுவி முடித்ததும், அன்று கையிலிருந்து போனது எவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணை எழுதுங்கள். வகை பிரிக்க வேண்டாம். 140, 60, 0, 415 என்று ஒரு வரிசை வந்ததும், 415 என்ன என்று உங்களுக்கே நினைவு வரும். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பாருங்கள். ஒரு நாள் எழுத மறந்தால் கட்டம் காலியாக இருக்கட்டும், யோசித்து யோசித்து நிரப்ப வேண்டாம்.

கணவர் விஷயத்தில், கோபிக்காதீர்கள், நான் கொஞ்சம் அவர் பக்கம். சம்பாதிக்கிறவரிடம் டீக்குக் கணக்குக் கேட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். மீதி 4,000இல் அவருக்கு 1,000, உங்களுக்கு 1,000. இதற்கு இருவரும் கணக்குச் சொல்ல வேண்டாம், காலண்டரிலும் ஏற வேண்டாம். அதை அவர் பத்தாம் தேதிக்குள் முடித்துவிட்டால் அது அவர் பாடு. பாக்கி 2,000 மாத்திரை, செருப்பு, திடீர் விருந்தாளி என்று வீட்டுக்கு.

வளையலை மீட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவே இல்லை. இன்னும் கடையில்தான் இருக்கிறதென்றால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் தபால் ஆபீஸ் பிறகு போகலாம். அசலும் வட்டியும் முடியும் வரை அந்த 4,000 முதலில் அங்கே கட்டுங்கள், ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.